பூரண வெற்றி

தன் மனைவிக்கு எதிராக ஒரு தொழிற்சங்கம் அமைப்பதென்று மார்க்கண்டர் முடிவெடுத்தபோது, அன்றைய மூன்றாவது தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். மணி காலை எட்டரை.

வேறு வழியில்லை. எண்பதாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் அரசாங்க உத்தியோகத்தைப் பறிகொடுத்தவர் அவர். அதன் பிறகு பதினொரு வருடம் உத்தியோகம் இல்லாமலே நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர். 'முதலாளித்துவத்தைத் தூளாக்குவோம்' என்று அவர் எழுதிய துண்டுப்பிரசுரங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அப்படிப்பட்டவரைக் கரவெட்டிச் சந்தியில் ஒருவன், "தூள் முதலாளியம்மாவின்ரை மனுசன் போறார்" என்று அடையாளம் காட்டிவிட்டான்.

எல்லாம் அவர் மனைவி பூரணம் செய்த வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் மின்சாரம் போய், டீசலும் போய், மிளகாய் அரைக்கும் ஆலை மூடப்பட்டபோது மார்க்கண்டர் ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். பூரணம் மாமரத்தடியில் மூன்று உரல்களை உருட்டி வந்து நிறுத்தினாள்.

வேறு சிலரும் கறிக்கு மிளகாய்த்தூள் இடித்து விற்றுப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே தூள். எடுபடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுத் தூளை அடுத்த வீட்டு நாக்கு ஒத்துக்கொள்ளுமா? பூரணம் வீடுவீடாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "உங்கடை வீட்டிலை எப்பிடி?" வயிற்றுப்புண் வாத்தியார் வீட்டுக்கு உறைப்புக் குறைத்து. தினமும் மீன் சமைக்கும் வீட்டுக்குப் பெருஞ்சீரகம் தூக்கலாக. மாமியும் மருமகளும் முகம் பாராத வீட்டுக்கு இரண்டு பொட்டலம். எதையும் எழுதி வைக்கவில்லை. ஊரின் நாக்கெல்லாம் அவளுடைய நாக்கிலேயே இருந்தது. இப்போது நாலு பெண்கள் அவளிடம் வேலை. சந்நிதித் திருவிழா நெருங்க, தொண்டைமானாற்று அன்னதான மடங்களும் அவளிடமே ஆளனுப்பின.

மார்க்கண்டர் கொப்பியும் பேனையுமாக மாமரத்தடிக்குப் போனார். நால்வரில் மூத்தவளான சின்னத்தங்கத்திடம் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, நீங்கள் சுரண்டப்படுறியள்."

"சுரண்டாட்டில் தூள் உரலுக்கை ஒட்டிப்போமல்லே அண்ணை?"

"அந்தச் சுரண்டல் இல்லை! கூலி காணுமோ?"

"காணும்."

"ஓய்வு?"

"கை உளைஞ்சால் இருக்கலாம்."

"தேத்தண்ணி?"

"தாறா. நேரந்தான் ஒழுங்கில்லை. அடுப்பிலை எப்பவும் உங்கடை கேத்தில்தானே கிடக்கு."

பின்பாதி அவர் காதில் விழவில்லை. 'கோரிக்கை ஒன்று: தேநீர் சரியாகப் பத்து மணிக்கு.'

"வேறை?"

சின்னத்தங்கத்தின் கண், பூரணம் அடுப்படியில் நின்ற குசினிப் பக்கம் ஒருமுறை போய் வந்தது. "ஆள் காணாது அண்ணை. ஒரு ஆம்பிளை ஆள் வேணும்."

பிடி கிடைத்துவிட்டது! இளந்தாரிகளில் பாதிப்பேர் கனடாவில், மீதிப்பேர் சுவிசில். பூரணம் எங்கே போய் ஆள் பிடிப்பாள்? பேனை பறந்தது. 'இரண்டு: இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் ஆண் ஒருவர் நியமிக்கப்படாவிட்டால் உலக்கைகள் ஓயும். மூன்று: இந்த வளவுக்குள் எவருக்கும் விசேட சலுகை கிடையாது.'

பூரணம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை ஒண்டையும் மாத்தேலாதோ?"

"ஒரு எழுத்தும் மாத்தேலாது!"

"நீங்களும் சங்கத்திலை ஓராளோ?"

"தலைவரே நான்தான்!"

"அப்ப நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

இருவரும் போட்டார்கள். மார்க்கண்டர் கையை உயர்த்தினார். "போராட்டம் பூரண வெற்றி!"

"ஓம் அண்ணை," என்றாள் சின்னத்தங்கம். "பூரணக்காவுக்கு வெற்றிதான்."

மறுநாள் விடிய எழுந்து வந்தால், மாமரத்தில் அவருடைய கோரிக்கைத் தாள் ஆணியடித்துத் தொங்கியது. பக்கத்தில் ஒரு புது உலக்கை.

"ஆரப்பா அந்தப் புது ஆள்?"

"இருவத்துநாலு மணித்தியாலத்துக்குள்ளை நான் எங்கை போறது? இந்த ஊரிலை சும்மா இருக்கிற ஆம்பிளை எண்டு எனக்கு ஓராளைத்தான் தெரியும்."

மார்க்கண்டர் திரும்பினார். நாலு சோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்து. சங்கத் தீர்மானத்தை மீறுகிறவனுக்குப் பெயர் கருங்காலி. உத்தியோகம் போனபோதும் அந்தப் பெயரை மட்டும் எடுக்காதவர் அவர். உலக்கையைத் தொட்டுப் பார்த்தார். அசல் கருங்காலி மரம். கருங்காலி ஆகாமல் இருப்பதென்றால் கருங்காலியைப் பிடிக்கத்தான் வேண்டும்.

"இருவது வருசமாத் தூளாக்குவம், தூளாக்குவம் எண்டியள்," என்றாள் பூரணம். "ஆக்குங்கோ."

ஆக்கினார். கண் எரிந்தது. தும்மல் ஒன்பது. பூரணம் அவருடைய உரலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். "வாத்தியாற்றை குடல் தாங்காது, மல்லி போடுங்கோ," என்றுவிட்டுப் போனாள். இந்த மூளை மட்டும் சங்கத்தில் இருந்திருந்தால் எண்பதில் நாங்கள் வென்றிருப்போம் என்று மார்க்கண்டருக்குப் பட்டது. அதை வாய்விட்டுச் சொல்லவும் நினைத்தார். தொண்டை காய்ந்திருந்தது. மணி எட்டரை.

"பூரணம், ஒரு தேத்தண்ணி."

அவள் மாமரத்துத் தாளைக் காட்டினாள்.

"பத்து மணிக்கு, தோழர்."