வாட்டம் சரியாகத்தான் இருக்கிறது

இனி ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடத் தள்ளுவதில்லை என்று சனிக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன்.

தொம்மலூரில் எங்கள் வீட்டு பாத்ரூமில் யார் குளித்தாலும் தண்ணீர் ஹாலுக்கு வந்துவிடும். அதை வைப்பரால் உள்ளே தள்ளுவது என் வேலை. டைல்ஸ் போட்டபோது ஆபீசுக்கு லீவு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தவன் நான். வாசலில் தடுப்புக்கல் வேண்டாம், அழகு கெட்டுவிடும் என்றவனும் நான்தான். அப்படியிருக்க, தண்ணீர் வடியத் தரைக்குக் கொடுக்கும் சரிவு, அதாவது வாட்டம், எப்படித் தவறாகும்?

"வாட்டம் சரியில்லைங்க. தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம வாசப்பக்கம் வருது," என்றாள் என் மனைவி அல்போன்சா.

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீயும் பொண்ணுங்க ரெண்டு பேரும் ஆத்துல குளிக்கிற மாதிரி குளிக்கிறீங்க."

"தப்புன்னு தெரிஞ்சா?"

"ஆயுசுக்கும் நானே தள்றேன். சரின்னா நீ தள்ளு."

அவள் சண்டைக்கு வரவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாலையில் காபியோடு வந்தாள். "ஆஞ்சலாவுக்குத் திங்கக்கிழமை டெஸ்ட். சரிவுன்னா என்னன்னு புரியலையாம். நீங்க சொன்னாத்தான் ஏறும்."

உருகிப்போனேன். மூன்றாவது படிக்கும் ஆஞ்சலாவையும் யூகேஜி சிந்தியாவையும் உட்காரவைத்தேன். சப்பாத்திப் பலகையைச் சாய்த்துப் பிடித்துக் கோலியை உருட்டினேன்.

"எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் ஓடும். அதான் சரிவு. நம்ம கண்ணுக்குத் தெரியலன்னாலும் கோலிக்குத் தெரியும்."

"கோலி பொய் சொல்லாதா டாடி?" என்றாள் சிந்தியா.

"சொல்லவே சொல்லாது."

"நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா?" அல்போன்சா பின்னால் நின்றிருந்தாள். "வாங்க, பாத்ரூம்லயும் உருட்டிப் பாக்கலாம்."

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "அங்க ஈரமா இருக்குமே."

"காலையிலயே தொடச்சுக் காயவச்சிட்டேன்."

ஆஞ்சலா கோலியைத் தரையின் நட்டநடுவில் வைத்தாள். அது அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தோணியாரை வேண்டினேன். மெல்ல ஓட்டைப் பக்கம் நகர்ந்தது. "பாத்தியா" என்று வாயெடுத்தேன். கோலி டைல்ஸ் இடுக்கில் தட்டி நின்றது. கொஞ்சம் யோசித்தது. திரும்பியது. பிறகு ஒரே ஓட்டம். வாசலைத் தாண்டி ஹாலுக்கு வந்து என் கட்டைவிரலில் முட்டி நின்றது.

அல்போன்சா வைப்பரை என் கையில் கொடுத்தாள்.

"டெஸ்ட்ல இதையே எழுதிடும்மா," என்று பேச்சை மாற்றினேன்.

ஆஞ்சலா விழித்தாள். "எந்த டெஸ்ட் டாடி?"

சிந்தியா கோலியைப் பொறுக்கி அல்போன்சாவிடம் நீட்டினாள்.

"நேத்து நாம உருட்டினப்போ வந்த மாதிரியே வந்துடுச்சு மம்மி."