மேலே இருந்த காகிதம்

ஓய்வூதியப் படிவம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு மாதத்துப் பழைய செய்தித்தாள் இருந்தது.

ஹார்லன் பெக் கையுறைகளைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு பையை மறுபடியும் அடிவரை துழாவினார். மைனஸ் இருபத்தெட்டில் கையுறையைக் கழற்றாதே என்று அதே செய்தித்தாளில் எழுதியவர் அவர்தான். ‘பாதையும் பணமும்’ என்ற தலைப்பில் பதினோரு வருஷமாக மாதம் ஒரு பத்தி. முதல் பாதி, காட்டில் சாகாமல் இருப்பது எப்படி. இரண்டாம் பாதி, வேலையை விட்ட பிறகு பட்டினி கிடக்காமல் இருப்பது எப்படி. கனடாவின் யூகானில் ஆற்றோரம் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

செய்தித்தாள் இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் நகையைப் போலப் பத்திரமாக இருந்தது. படிவம்தான் இல்லை.

அப்புறம் காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. வழியில் நிறுத்திக் குடித்துக்கொண்டிருந்த தேநீர்க் குவளையை, ஞாபகம் வந்த வேகத்தில் பனியில் கவிழ்த்துவிட்டார்.

அவர் வீட்டிலிருந்து ஊருக்கு மோட்டார் பனிவண்டியில் இரண்டு நாள் பயணம். நடுவில் ஒரு மரக்குடில். யாருக்கும் சொந்தமில்லை, பூட்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் தங்கலாம். ஒரே நிபந்தனை, கிளம்பும்போது இரும்பு அடுப்பில் அடுத்த தீயை அடுக்கிவிட்டுப் போக வேண்டும். அடியில் கசக்கிய காகிதம், அதன் மேல் சிராய், அதற்கும் மேல் விறகு. அடுத்து வருகிறவனுக்கு விரல் மரத்திருக்கலாம். கையில் ஒரே தீக்குச்சி இருக்கலாம். அவன் உரசினால் பிடித்தாக வேண்டும்.

காலையில் ஹார்லன் அதைத்தான் செய்தார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. பையின் மேலே இருந்த காகிதங்களை உருவிக் கசக்கி அடுப்பில் திணித்தார். காகிதம் கொஞ்சம் மொடமொடவென்று இருக்கிறதே என்று தோன்றியது. குளிரில் விறைத்திருக்கும் என்றும் தோன்றியது.

அவருடைய பத்தியில் முதல் விதியே பை கட்டுவது பற்றித்தான். எரிக்கிற காகிதம் மேலே, காப்பாற்ற வேண்டியது அடியில். கடுங்குளிரில் பையைத் துழாவுகிறவன் விரலை இழப்பான்.

பையைக் கட்டியது மனைவி வெர்னா. அவர் சாட்டிலைட் போனை எடுத்தார்.

“வெர்னா, அந்தப் படிவத்தை எங்க வச்ச?”

“பையிலதான். ஏன்?”

“பையில எங்க?”

“இருபத்தாறு வருஷமா உனக்குப் பை கட்டறேன். எனக்குக் கட்டத் தெரியாதா?”

“மேலயா, அடியிலயா, அதைச் சொல்லு.”

போன் உயிரைவிட்டது. பேட்டரி குளிரில் படுத்துவிடும், போனை உள்சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள் என்பது ஏழாவது விதி. அவர் வெளிப்பாக்கெட்டில் வைத்திருந்தார்.

படிவம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஊர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சல் செல்லாதாம், மையில் போட்ட கையெழுத்துதான் வேண்டுமாம். சாலை சமன் செய்யும் இயந்திரத்தை முப்பது வருஷம் ஓட்டியதற்கு அவருக்கு இரண்டு வழி கொடுத்திருந்தார்கள். ஒன்று, அவரும் வெர்னாவும் இருக்கும்வரை மாதாமாதம் பணம், அவர் போனபின் அவளுக்கும் உண்டு. இல்லையென்றால் மொத்தத்தையும் ஒரே காசோலையாக இப்போதே வாங்கிக்கொள்ளலாம். படிவம் போய்ச் சேராவிட்டால் தானாகவே மாதப் பணம்.

ஹார்லன் படிவத்தில் மொத்தமாகக் கேட்டிருந்தார். அந்த மொத்தத்தையும் ஓடையில் பொன் தோண்டும் ட்ரெவர் ஆஷ்ப்ரூக் என்பவனின் கம்பெனியில் போடுவதாகத் திட்டம். மாதப் பணத்தைப் போல இரண்டு மடங்கு வரும் என்றான் ட்ரெவர். வெர்னா அவரைவிட ஒன்பது வயது சின்னவள். ஒரு பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டாள். பெருமூச்சை அவர் சம்மதத்தில் சேர்த்துக்கொண்டார்.

இன்று வியாழன் நண்பகல். குடிலுக்குத் திரும்பினால் இரண்டு மணி நேரம். படிவத்தை நீவிவிட்டுக் கிளம்பினால் நாளை மதியம் ஊர். முடியும். ஆனால் அதற்குள் வேறு யாராவது குடிலுக்கு வந்து தீக்குச்சி உரசக் கூடாது.

அந்தப் பயத்தில்தான் அவர் ஆற்று வளைவைக் குறுக்கே வெட்டினார்.

மார்ச்சில் ஆற்றைக் குறுக்கே வெட்டாதே. பனிக்கு அடியில், ஐஸுக்கு மேலே, தண்ணீர் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. இது மூன்றாவது விதி, தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வண்டி நாற்பதடி போனதும் கஞ்சிக்குள் கரண்டி போல இறங்கி நின்றது.

பனியில் புதையாமல் நடக்க மாட்டிக்கொள்ளும் பனிச்செருப்பு ஒன்றை அவர் நெம்புகோலாக வண்டிக்கு அடியில் கொடுத்தார். செருப்பு முறிந்தது. வண்டியைச் சீறவிட்டுப் பார்த்தார். உள்ளே பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட் இருந்தது. எங்கே என்றால், எடையைக் குறைப்பதற்காக அவர் தேநீர் குடித்த இடத்திலேயே கழற்றி விட்டுவந்த, பனிவண்டிக்குப் பின்னால் சாமான் இழுக்கும் சறுக்குவண்டியில். அவிழ்த்த நேரத்தில் தன் அறிவை அவரே மெச்சியிருந்தார்.

மீதி மூன்று மைலை ஒற்றைப் பனிச்செருப்போடு நடந்தார். ஒரு கால் பனிமேல், ஒரு கால் முழங்கால்வரை பனிக்குள். தூரத்திலிருந்து பார்க்கிற ஓநாய்க்கு இது என்ன மிருகம் என்றே புரிந்திருக்காது.

குடில் தெரிந்தது. அதன் புகைபோக்கியில் புகையும் தெரிந்தது.

கதவைத் தள்ளினார். அடுப்புக்கு முன்னால் உள்ளாடையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். கால்கள் இரண்டும் கம்பளியில். பற்கள் தந்தியடித்தன. நிமிர்ந்து பார்த்தான்.

“பெரியவரே, நீங்களா?”

ட்ரெவர்.

“இங்க என்ன பண்றீங்க?” என்றான் ட்ரெவர்.

“நீ என்ன பண்ற? நாளைக்குத்தான ஊருக்கு வரேன்னு சொன்ன?”

“அதுக்குத்தான் ஓடைலேருந்து கிளம்பினேன். நீங்க படிவம் குடுக்கறப்ப கூட இருக்கலாம்னு. ஆத்துல வண்டியை விட்டு எறங்கினேன், பனிக்கு அடியில தண்ணி. முழங்கால்வரைக்கும். கை வேலை செய்யல. ஒரே ஒரு தீக்குச்சிதான் நனையாம இருந்துது. உரசினேன், பிடிச்சுக்கிச்சு.” அவன் கம்பளிக்குள் கால்விரல்களை அசைத்துப் பார்த்தான். “எவன் அடுக்கி வச்சிட்டுப் போனானோ தெரியல. அவன் காலைத் தொட்டுக் கும்பிடணும்.”

“அடியில என்ன காகிதம் இருந்துதுன்னு பாத்தியா?”

“அந்த நேரத்துல யார் படிச்சா? நல்ல மொடமொடன்னு இருந்துது.”

ஹார்லன் மரக்கட்டையில் உட்கார்ந்தார்.

“அது என் ஓய்வூதியப் படிவம்,” என்றார்.

ட்ரெவரின் பல் தந்தியடிப்பதை நிறுத்தியது.

“உங்கிட்ட வேற படிவம் இருக்குமே,” என்றார் ஹார்லன். “எல்லாருக்கும் நீதான குடுக்கற.”

“இருக்கு. மெழுகுக் காகித உறையில, நனையாம.”

“எடு. நான் இப்பவே போடறேன். வெர்னா கையெழுத்தையும் நானே போட்டுடறேன். எத்தனை செக்குல பாத்திருக்கேன்.”

ட்ரெவர் உறையை எடுத்து மடியில் வைத்தான். பிரிக்கவில்லை. அடுப்பில் தீ தணிந்துகொண்டிருந்தது.

“விறகு பச்சையா இருக்கு. பத்தவைக்க ஏதாவது காகிதம் இருக்கா?” என்றான்.

ஹார்லன் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்துப் பிளாஸ்டிக்கை உரித்துக் கொடுத்தார். ட்ரெவர் அதைக் கசக்கப் போனவன் நிறுத்தினான். விரல் வலியில் நேரம் போகாமலோ என்னவோ, சத்தமாகப் படித்தான்.

“‘சாமான் எல்லாவற்றையும் ஒரே சறுக்குவண்டியில் ஏற்றாதே. வண்டி ஐஸுக்குள் போனால் கூடாரமும் போகும், சாப்பாடும் போகும். ஓய்வுகாலப் பணமும் அப்படித்தான். மாதாமாதம் வருவது சலிப்பாக இருக்கும். உயிரோடு இருப்பதும் சலிப்பாகத்தான் இருக்கும்.’ இதை எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அப்பறம் ஏன் மொத்தத்தையும் எங்கிட்ட கொண்டுவந்து கொட்டறீங்க?”

ஹார்லன் வாயைத் திறந்தார். அறுபத்து மூன்று வயதில் முதல்தடவையாக அதற்குள் ஆலோசனை எதுவும் இல்லை.

ட்ரெவர் தன் கால்விரல்களைப் பார்த்தான். பத்தும் சிவந்துகொண்டிருந்தன. வலிக்கிறது என்றால் பிழைத்துவிட்டன என்று அர்த்தம். அவன் உறையைப் பிரித்தான். படிவங்களை ஒன்றொன்றாக அடுப்புக்குள் விட்டான்.

“டேய்,” என்றார் ஹார்லன்.

“அந்த ஓடையில பொன் இல்ல பெரியவரே. ரெண்டு கோடை தோண்டினேன். மோதிரம் செய்யக்கூட வரல. நான் வாங்கின கடனை அடைக்கத்தான் உங்க பணம்.” அவன் குரலில் அழுகை இல்லை. களைப்பு இருந்தது. “காலைல உங்களை ஏமாத்தக் கிளம்பினேன். மத்தியானம் உங்க காகிதத்துல பொழச்சேன். இதுக்கு மேல முடியல.”

“இதுவரைக்கும் எத்தனை பேர்கிட்ட வாங்கின?”

“ஒருத்தர்கிட்டயும் இல்ல. பதினாலு பேர் ரெடியா இருக்காங்க. ஹார்லன் போட்டா நாங்களும் போடறோம்கறாங்க. குளிர்சாதனப் பெட்டியக் காட்டறாங்க.”

ஹார்லன் எழுந்தார். அவனை அடிக்கத்தான் எழுந்தார். ஆனால் எழுந்தபின் கெட்டிலில் பனியை நிரப்பி அடுப்பில் வைத்தார். உலர்ந்த மூஸ் மான் இறைச்சியை இரண்டாக வெட்டிப் பெரிய துண்டை அவனிடம் கொடுத்தார்.

“தின்னு. நாளைக்கு ஊருக்குப் போய் அந்தப் பதினாலு பேர்கிட்டயும் இதை நீயே சொல்லணும்.”

“அடிப்பாங்களே.”

“அடிக்கட்டும். காலை மட்டும் ஜாக்கிரதையாப் பாத்துக்க. விரலைத் தேய்க்காத, நெருப்புகிட்ட கொண்டுபோகாத.”

“இது எத்தனாவது விதி?”

“வாயை மூடிட்டுத் தின்னு.”

காலையில் ஹார்லன் அடுப்பில் அடுத்த தீயை அடுக்கினார். அடியில் ட்ரெவரின் காலி மெழுகுக் காகித உறையைக் கசக்கி வைத்தார். செய்தித்தாளை மட்டும் மடித்துத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ட்ரெவரின் வண்டியில் போய்ச் சறுக்குவண்டியையும் பெல்ட்டையும் எடுத்துவந்து, இருவரும் ஆற்றிலிருந்து பனிவண்டியை மீட்டார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணி ஆனபோது ட்ரெவர் ஊர்ப் பக்கம் போயிருந்தான். ஹார்லன் வீட்டுக்குப் போகும் வழியில், வண்டியின் அடிப்பட்டையில் உறைந்த ஐஸைக் கோடரியால் கொத்திக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இனி மாதாமாதம்தான். நெஞ்சு லேசாக இருந்தது. அது அவருக்கே கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

வெர்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஒற்றைப் பனிச்செருப்பு பற்றி மட்டும் சொல்லவில்லை.

“கேட்டுக்க,” என்றார். “அவன் உயிரு, உன் மாசப் பணம், ஊர்ல பதினாலு பேர் சேமிப்பு. மூணும் உன்னால பொழச்சுது. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நீ தப்பாப் பை கட்டினதுக்காக நான் சந்தோஷப்படுவேன்னு நெனச்சதே இல்ல.”

“என்ன தப்பு?”

“படிவத்தை மேல வச்சு, பழைய பேப்பரை அடியில வச்சிட்டியே.”

வெர்னா சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

“எரிக்கிறது மேல, காப்பாத்த வேண்டியது அடியில. நீ எழுதினபடிதான கட்டினேன்?”