விரிசல் இல்லை என்று எழுதிய உடும்பு

ஒரு காட்டில் சிங்கத்தின் ஆட்சி நடந்துவந்தது. நல்லாட்சி என்றுதான் எல்லாப் பத்திரிகையிலும் போட்டிருந்தார்கள். நான் தனியாக எதையாவது சொல்லி வம்பில் மாட்டிக்கொள்வானேன்.

அங்கே மாசிலாமணி என்றொரு உடும்பு, 'வனக்குரல்' நாளிதழுக்கு இருபது வருடமாகப் பகுதிநேர நிருபர். பிறவியிலேயே இரட்டை நாக்கு இருந்தும் உண்மையை மட்டுமே எழுதி வீணாய்ப்போன பிராணி. ஏரிக்கரையில் அதற்கு ஒரு பொந்து இருந்தது. பொந்துக்குள் மனைவி செங்கமலமும் பதினெட்டு முட்டைகளும்.

ஒருநாள் பொந்தின் சுவரில் தண்ணீர் கசிந்தது. மாசிலாமணி வெளியே வந்து கரையைப் பார்த்தது. பெருச்சாளி காண்டிராக்டர் போன மாதம்தான் பலப்படுத்திய கரை. அதில் வால் நுழையும் அகலத்துக்கு விரிசல். இன்னும் ஒரு மழை வந்தால் கரை போய்விடும், கரையோரக் குடும்பங்களும் போய்விடும்.

செய்தியை எழுதிக்கொண்டு ஆசிரியர் ஆமையிடம் ஓடியது.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றது ஆமை. "ஆனா இந்த வாரம் முழுக்க ராஜா பிறந்தநாள் விளம்பரம். வாழ்த்துறவங்கள்ல பெருச்சாளியும் ஒருத்தர். விரிசல அடுத்த வாரம் பாத்துக்கலாம், அது எங்கயும் போயிடாது."

தொலைக்காட்சிக்குப் போனது. அங்கே செய்திப் பிரிவுக்குத் தலைமை மைனா.

"விஷுவல் இல்லையே சார்," என்றது மைனா. "விரிசல் சும்மா நிக்குது. கத்தல, அழல. கரை உடைஞ்சதும் போன் பண்ணுங்க, உங்கள லைவ்ல எடுக்கிறோம்."

கடைசியில் எஃப்.எம். குயிலிடம் போனது. "எங்களுக்குச் சொந்தமா செய்தி சொல்ல அனுமதி கிடையாதுண்ணே," என்றது குயில். "வேணும்னா அண்ணிக்கு ஒரு மழைப்பாட்டு போடறேன்."

திரும்பி வரும் வழியில் அரண்மனைச் செய்தித்துறை நரி கூப்பிட்டது. "பிழைக்கத் தெரியாத ஆளா இருக்கீங்களே. எங்ககிட்ட மக்கள் தொடர்பு அதிகாரியா சேந்துடுங்க. நிரந்தர வேலை. விரிசல் இல்லைன்னு நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்."

இருபது வருடம் விடாத பிடியை மாசிலாமணி அங்கேதான் விட்டது. எனக்கும் கோபம்தான். ஆனால் பதினெட்டு முட்டைக்குத் தகப்பனிடம் போய் நான் என்ன கோபிப்பது.

'ஏரிக்கரையில் விரிசல் என்பது விஷமிகள் பரப்பும் வதந்தி. பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தது. ஆமை அதை ஒரு புள்ளி மாறாமல் முதல் பக்கத்தில் போட்டது. மைனா நாள் முழுக்க ஓட்டியது. அரண்மனை அறிவிப்பு என்பதால் குயிலும் இரண்டு பாட்டுக்கு நடுவே வாசித்தது.

வீட்டுக்கு வந்தால், செங்கமலம் கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"பாறைக்குப் போயிடலாம்னு சொன்னேனே?" என்றது மாசிலாமணி.

"விரிசலே இல்லையாம். டிவியிலயே சொல்லிட்டாங்க."

"அத எழுதினதே நான்தான் செங்கமலம். பச்சைப் பொய்."

"நீங்க எழுதினது எந்தக் காலத்துல அப்படியே வந்திருக்கு? சும்மா இருங்க," என்று சொல்லிவிட்டு, சுவரில் வழிந்த தண்ணீரைத் துணியால் துடைத்தது.

மாசிலாமணி வெளியே வந்து பார்த்தது. அக்கம்பக்கத்துப் பொந்துகளிலும் அதே நிம்மதி. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மாசிலாமணிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, நரியைக் கேட்காமல், இன்னொரு அறிவிப்பு எழுதி மூன்று இடத்துக்கும் அனுப்பியது: 'மாமன்னரின் பிறந்தநாளை முன்னிட்டு நாளை காலை பெரிய பாறை உச்சியில் தலைக்கு ஒரு எவர்சில்வர் குடம் இலவசம். நேரில் வருவோருக்கு மட்டும்.'

விடிவதற்குள் காடே பாறைமேல் வரிசையில் நின்றது, ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு. டோக்கன் கொடுக்க யாரும் வராததால் முயல்கள் தாங்களே எழுதி விநியோகித்தன. செங்கமலம் பதினெட்டு முட்டையையும் கூடையில் சுமந்துகொண்டு ஏறி வந்தது. "தலைக்கு ஒண்ணுன்னா, நம்மளயும் சேத்து இருபது குடம்."

பத்து மணிக்கு மழை பிடித்தது. பதினொன்றுக்குக் கரை உடைந்தது. கரையோரப் பொந்துகளை ஏரி வழித்துக்கொண்டு போனது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

கீழே ஓடிய வெள்ளத்தைக் கூட்டம் வரிசை கலையாமல் எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு காட்டுப்பன்றி கேட்டது, "சரி, குடம் எப்பத் தருவாங்க?"

மறியல் தொடங்கியது. மைனா லைவ் போட்டது. சாயங்காலம் நரி ஒரு உத்தரவில் கையெழுத்திட்டது. மறுநாள் 'வனக்குரல்' முதல் பக்கத்தில் 'மாமன்னரின் முன்யோசனையால் அனைவரும் தப்பினர்' என்று பெரிதாக வந்தது. அதன் கீழே, 'குடம் தருவதாகப் பொய்: அதிகாரி மாசிலாமணி டிஸ்மிஸ்.'

செங்கமலம் அதை இரண்டு முறை படித்தது. "இருபது வருஷத்துல பேப்பர்ல உங்க பேரு வர்றது இதான் முதல் தடவை," என்று அந்தத் துண்டைக் கிழித்து முட்டைக் கூடையில் பத்திரமாக வைத்தது. "இருந்தாலும் அந்த இருபது குடத்த ஏமாத்திட்டீங்க."

நீதி: ஊரைக் காப்பாற்ற நினைக்கும் நிருபர் முதலில் அந்த வேலையை விட வேண்டும். காப்பாற்றியபின் அடுத்த வேலை தானாகவே போய்விடும்.