கற்பூரம் ஆகாத சாமி

வடக்குத்து கிராமத்தில் தகரக் கொட்டகை போட்டு மூச்சுச்சாமி இறங்கியிருந்தார். குள்ளஞ்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோ, அனல்மின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து கார். படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? முன்வரிசையே அவர்கள்தான்.

சாமியிடம் பட்டு சுற்றிய உலோகக் குடுவை ஒன்று. இளைப்புக்காரர் அதைக் கட்டிப்பிடித்து மூச்சுவிட வேண்டும். சாமி முணுமுணுப்பார். குடுவை ஐஸாகக் குளிரும். நோயை உறிஞ்சிவிட்டதாம். அதே குடுவை திரைக்குப் பின்னால் போய் வந்தால் சுடும். நோய் எரிகிறதாம். குளிர்ந்தாலும் அருள், சுட்டாலும் அருள். வெதுவெதுப்பாக இருந்தால் என்ன சொல்வாரோ! தட்சணை ஐந்நூறு. அதோடு, வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

சுப்புலட்சுமியும் ஏழு வயது மகள் வெண்மதியின் பம்பைப் போட்டாள். எம்.எஸ்சி. படித்தவள், பாவம். மூன்றாம் நாள் பிள்ளைக்கு விலா ஒட்ட இழுத்தது. ஆஸ்பத்திரியில் காப்பாற்றி, பம்பு இல்லாமல் இருக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"புதுசு வாங்கிட்டு வாரேன்" என்றார் கணவர் இசக்கிமுத்து.

"வேண்டாங்க. பம்பு வீட்டுக்குள்ள வந்தா நோயும் திரும்ப வரும்னு சாமி சொல்லியிருக்காரு."

"வந்துதான் தொலைச்சிருக்கே. சரி, சாமியவே கேப்போம், வா."

இசக்கிமுத்துவுக்குத் தெர்மல் மின்நிலையத்தில் வேலை. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும், பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் ஹைட்ரஜன் வாயு எங்கே கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பவர்.

கொட்டகையில் விளக்கு இல்லை, கற்பூரம் இல்லை, ஊதுபத்திகூட இல்லை. வேண்டுதல் மெழுகுவத்தியோடு வந்த பக்தை மேரிசெல்வியைச் சிஷ்யன் வாசலிலேயே மறித்தான்.

"சாமிக்கு நெருப்பு ஆவாதுங்க."

"எங்க ஜெனரேட்டருக்கும் ஆகாது தம்பி" என்றார் இசக்கிமுத்து.

சாமி முணுமுணுக்கும் நேரம் பார்த்து, கையோடு கொண்டுவந்த சோப்புத் தண்ணீரைக் குடுவையின் பட்டின்மேல் ஊற்றினார் இசக்கிமுத்து. குபுகுபுவென்று நுரை. பட்டை உருவினால் அடியில் ஒரு வால்வு. அதை இறுக மூடினார்.

"இப்பக் குளிர வைங்க சாமி."

சாமி முணுமுணுத்தார். சத்தமாகவும் முணுமுணுத்தார். சுப்புலட்சுமி தொட்டுப் பார்த்தாள். அதற்குமேல் குடுவை குளிரவே இல்லை.

"நம்பிக்கையில்லாதவன் தொட்டுட்டான்" என்றார் சாமி.

"உள்ள இருக்கிறது உலோகப் பொடி. ஹைட்ரஜனை உறிஞ்சி வச்சுக்கும். உறிஞ்சும்போது சூடாகும், வெளிய விடும்போது குளிரும். எரிவாயு சேமிச்சு வைக்கிறதுக்கு உள்ள சாமான். அதுக்கு இளைப்பும் தெரியாது, அருளும் தெரியாது" என்றார் இசக்கிமுத்து.

மேரிசெல்வி திரையை இழுத்தாள். சிவப்பு ஹைட்ரஜன் சிலிண்டர் நின்றது. சாமி நிற்கவில்லை.

சுப்புலட்சுமி கூடைமுன் உட்கார்ந்து துழாவினாள். நூறு பம்பும் ஒரே நீலம். "எம் பிள்ளைய நானே கொல்லப் பாத்தேனே" என்று அழுதாள். இசக்கிமுத்து அவள் கையைப் பிடித்து எழுப்பி மருந்துக் கடைக்கு அழைத்துப் போனார்.

கூட்டம் கலையவில்லை. பண்ருட்டிப் பக்கம் ஒரு சாமி இருக்காராமே என்று யாரோ ஆரம்பித்தார். அந்த உலோகப் பொடியாவது சூடு பட்டால் உள்ளே இழுத்த வாயுவை வெளியே விட்டுவிடும். ஐயா, அம்மா, உங்களுக்கு இன்னும் எத்தனை சூடு வேண்டும்?