புள்ளி அண்ணாச்சியும் கெபி விளக்கும்

தூத்துக்குடியில் உப்பு கிடைக்கும், மக்ரூன் கிடைக்கும், கப்பலில் வருகிற எந்தச் சரக்கும் கிடைக்கும். ஆனால் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத ஒரு சரக்கு எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அவர்தான் புள்ளி அண்ணாச்சி. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்கு மாமியார் ஆகாது. அண்ணாச்சிக்குப் புள்ளி ஆகாது. எங்கே ஒரு புள்ளியைக் கண்டாலும் அதை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படிப்பட்டவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரே ஒரு புள்ளிதான் வைப்பார். கேட்டால், "அது நான் வச்ச புள்ளில்லா!" என்பார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

வலைக்கயிறு விற்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோலக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பது தொழில். வெளிச்சம் எங்கெங்கே பட்டுத் தெறிக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படத்தை வரையும். அதற்குப் போதிய நேரம் கொடுக்காவிட்டால் படம் முழுக்க உப்புத் தூவியதுபோல் பொரிபொரியாக இருக்கும். கண்ணாடி, சரவிளக்கு என்று பளபளப்பான சாமான் இருந்துவிட்டால் இன்னும் மோசம். சம்பந்தமே இல்லாத இடங்களில் வெள்ளைவெளேரென்று புள்ளிகள் மின்னும். தொழிலில் அவற்றுக்கு மின்மினி என்று பெயர்.

அந்த மின்மினிகளைப் பிடிக்கவே அவதாரம் எடுத்தவர் அண்ணாச்சி. அதற்கு முன்பு ஓர் உப்புக் கம்பெனியில், வெள்ளை உப்பில் கறுப்புத் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர். "நெறந்தான் மாறியிருக்கு. வேல அதே வேலதான்" என்பார். ஒருமுறை ஒரு புள்ளியோடு அரை நாள் மல்லுக்கட்டினார். என்ன செய்தும் போகவில்லை. கடைசியில் அது திரையில் ஒட்டியிருந்த மக்ரூன் துணுக்கு என்று தெரிந்ததும், எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

முதலாளி வீட்டுக் கல்யாணப் போட்டோவைச் சுத்தம் செய்து கொடுத்ததுதான் பெரிய கூத்து. முதலாளி பதறிப்போய் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, எங்க அம்மாவோட வைர மூக்குத்தி எங்க?"

"அதுவா? மூக்குல ஒரு மின்மினி ஒக்காந்திருந்துச்சு மொதலாளி. புடிச்சிட்டேன்."

முதலாளியின் அம்மா ஒரு மாதம் எங்கள் மாடிப்படி ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். எந்தப் படமானாலும் கம்ப்யூட்டரை இரண்டு தடவை வரையச் சொல்வார். மின்மினி ஒவ்வொரு தடவையும் வேறுவேறு இடத்தில் விழும். நிஜ விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். "ரெண்டுலயும் இருந்தா நெசம். ஒண்ணுல மட்டும் இருந்தா வம்பு. அம்புட்டுதான்" என்பார்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரே அழுத்தில் எல்லாப் புள்ளியையும் துடைக்கிற பொத்தான் மென்பொருளிலேயே வந்துவிட்டது. நான் அதில் கைவைத்தாலே அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஏளா, அது தொடைக்கும், ஆனா பாக்காது. மொசைக் தரைய அல்வாவாக்கிப் போடும்!"

எனக்கு அவசரப்படக் காரணம் இருந்தது. நாசரேத்தில் எங்கள் வீட்டில் அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், இரண்டு அத்தைகளும் டீச்சர். நாய் மட்டும்தான் பி.எட். படிக்கவில்லை. மகள் பார்ப்பது 'பொம்மை போடுற வேலை' என்பது அப்பாவின் தீர்ப்பு. நான் தனியாகச் செய்யும் முதல் படம் எப்படி வருகிறது என்று பார்ப்பார்; சரிப்படாவிட்டால் மறுபேச்சில்லாமல் பி.எட். சேர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அந்த முதல் படம் ஒரு கல்யாண மண்டபம். வேம்பார்ப் பக்கம் கடலைப் பார்த்துக் கட்டப்போகிறவர், படகு வைத்துத் தொழில் செய்பவர். மூன்று சரவிளக்கு, முழுக்கக் கண்ணாடிச் சுவர், வெளியே கருக்கல் நேரத்துக் கடல். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கடற்கரையில் மாதா சுரூபம் வைத்த சின்னக் குகை இருக்கிறது. அதைக் கெபி என்பார்கள். அந்தக் கெபியில் எரிகிற விளக்கு கண்ணாடி வழியாகத் தெரிய வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அஸ்திவாரக் கல். சனிக்கிழமை ஏழு மணிக்குள் படம் பிளெக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் படகுக்காரர் வந்தார். போதாக்குறைக்கு அப்பாவும் பி.எட். விண்ணப்பத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். நான் படத்தைத் திறந்தேன். ஒரு மின்மினி கூட இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. எங்க ஊரு கெபி வெளக்கு எங்க தாயி?" என்றார் படகுக்காரர்.

பார்த்தேன். கரை இருட்டாகக் கிடந்தது. மின்மினிகளோடு சேர்த்து மாதாவின் விளக்கையும் பொத்தான் துடைத்துவிட்டிருந்தது. பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அந்த வெளக்கப் பாத்துதான் எங்க அய்யா கர புடிப்பாவ. அது தெரியாத மண்டபம் எனக்கு எதுக்கு?" என்றார் அவர். அப்பாவின் கை மெதுவாக மஞ்சள் பைக்குள் போனது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணாச்சி எழுந்து வந்தார். 'நான் அப்பமே சொன்னம்லா' என்று ஆரம்பிப்பார் என நினைத்தேன். சொல்லவில்லை. "ஏளா, கண்ணத் தொடச்சுக்க. ரெண்டு கம்ப்யூட்டர்லயும் போடு" என்றார்.

இரண்டிலும் ஒரே நேரத்தில் படம் வளர்ந்தது. ஒன்றரை மணி நேரம், பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் நிற்பதுபோல் அண்ணாச்சி இரண்டுக்கும் நடுவில் நின்றார். அப்பாவுக்கு லேசாக ஒரு மரியாதை அப்போதே வந்திருக்க வேண்டும். முடிந்ததும் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எந்த இடத்தில் எது மங்கலோ அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூரையில் மொய்த்த மின்மினிகள் அத்தனையும் காணாமல் போயின. கரையோரம் ஒரே ஒரு புள்ளி மட்டும் அப்படியே நின்றது.

காலமெல்லாம் புள்ளியைக் கண்ட இடத்தில் கொன்ற மனிதர், அந்த ஒன்றுக்கு முன்னால் கைகட்டி நின்றார். "இத ஒருத்தனும் தொடப்பிடாது" என்றார். படகுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேரு தனித்தனியா பேப்பர் திருத்துத மாதிரில்லா இருக்கு! பொறுப்பான வேலதான்" என்றார். விண்ணப்பத்தை அதுவரை விசிறியாக வைத்திருந்தவர், மேசையில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அப்பா ஊருக்குக் கிளம்பும்போது அண்ணாச்சி மக்ரூன் மடித்துக் கொடுத்தது அந்தத் தாளில்தான்.

இப்போது நான் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறேன். கண் இமைப்பதற்குள் படம் சுத்தமாகிவிடுகிறது. ஆனாலும் நான் இரண்டு தடவை போடாமல் எதையும் அனுப்புவதில்லை. நான் விடைபெற்ற அன்று எல்லோரும் சேர்ந்து இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டோம். மறுநாளே அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏளா, என் வழுக்கையில ஒரு புள்ளி பளிச்சுன்னு மின்னுது பாரு. தொடச்சு அனுப்பு."

"ரெண்டு போட்டோவுலயும் இருக்கே அண்ணாச்சி!"

இரண்டாவது போட்டோவைத் தேடி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பம் நெசந்தான். விட்டுரு" என்றார்.

விட்டுவிட்டேன். அந்தப் போட்டோ என் மேசைமேல்தான் இருக்கிறது. தினமும் காலையில் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்குகிறேன்.