புஷ்பலதாவின் குடை விளக்கு

யாரும் தொடாமலே விளக்கு கட்டிய கம்பி இரண்டடி நகர்ந்து வந்து நின்றது. புஷ்பலதா சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

நான்கு மணிக்குள் ஆறு சேலைகளைப் படமெடுத்து அனுப்பாவிட்டால், ஈப்போவில் சேலைக்கடை வைத்திருக்கும் நவமணி இந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாள். தைப்பிங்கிலோ காலையிலிருந்து விடாத மழை. பட்டப்பகலில் வீடு இருட்டிக் கிடந்தது. புது விளக்கு ஸ்டாண்டுக்கு வசதி ஏது? சின்னையாவின் பழைய இரும்புக் கடையிலிருந்து சக்கரம் வைத்த கொக்கிக் கம்பி ஒன்றைப் பொறுக்கி வந்து, பல்பைக் கட்டி, முன்னால் வெள்ளைக் குடையை விரித்து மாட்டியிருந்தாள். வெளிச்சம் ஜோராகத்தான் விழுந்தது. கம்பிதான் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக் காளியம்மா கன்னத்தில் கைவைத்தாள். "இது ஆஸ்பத்திரில தண்ணி ஏத்துற கம்பிலா. எத்தன பேரு இதுக்குக் கீழ படுத்து கண்ண மூடுனாங்களோ."

"பயங்காட்டாதீங்கக்கா."

"நான் ஏன் பயங்காட்டுறேன்? அதான் தானா நகருதே. எலுமிச்சங்கா கட்டு."

கட்டினாள். முதல் படம் போன வேகத்தில் நவமணி அழைத்தாள். "என்னா புஷ்பா, சேலை மேல கறுப்பா யாரோ தொங்குறாங்க?"

எலுமிச்சங்காயோடு மிளகாயும் கட்டியதில் நிழலுக்குக் கைகால் முளைத்திருந்தது.

"அத அவுத்துட்டு மஞ்சத்தண்ணி தெளி," என்றாள் காளியம்மா.

தெளித்தாள். பிளக்கில் பொறி பறந்து மெயின் சுவிட்ச் விழுந்தது. துடைத்துக் காயவைத்து, சுவிட்சைத் தூக்கி, சூடம் காட்டினாள். தீப்பட்டுக் குடையில் ஓட்டை விழுந்தது. கம்பியோ கருகிய குடையோடு அவளை நோக்கியே உருண்டு வந்தது.

ஒரே தாவாகத் தாவி, மூலையில் கிடந்த இரும்புக் கட்டிலில் ஏறிக் காலைச் சுருட்டிக்கொண்டாள். காளியம்மாவும் பின்னாலேயே ஏறினாள். அங்கிருந்தபடியே புஷ்பலதா சின்னையாவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வந்து இந்தச் சனியன எடுத்துட்டுப் போங்க. ஆஸ்பத்திரி கம்பிய என் தலையில கட்டிட்டீங்களே."

சின்னையா மழையில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தையக்கட கம்பிலா இது. கவுன் தொங்கப் போட்டு வச்சிருந்தாங்க. உங்க வீட்டுத் தரை சாய்வா இருக்கு, அதான் உருளுது."

புஷ்பலதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மணி மூன்றுதான். குடை ஓட்டையில் துணியை ஒட்டி, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்தால் ஆறு சேலையையும் எடுத்துவிடலாம்.

"நெசமா இது ஆஸ்பத்திரி சாமான் இல்லியே அண்ணே?"

"சீச்சீ. ஆஸ்பத்திரிலேர்ந்து என் கடைக்கு வந்தது ஒன்னே ஒன்னுதான்," என்றார் சின்னையா, தலையைத் துவட்டியபடி. "போன வருசம் உங்க வீட்டுக்காரரு வாங்கிட்டு வந்தாரே, இப்ப நீங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கீங்களே, அந்தக் கட்டிலு."