எட்டு சென்டிமீட்டர் உத்வேகம்

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். ரப்பர் முத்திரை குத்த வேண்டிய இடத்தில் கையால் எழுதிவிட்டேன்.

தவறின் அளவு புரிய வேண்டுமானால் எங்கள் அலுவலகத்தின் மகிமை தெரிய வேண்டும். மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டது, பிறகு சக்கரத்தைக் கண்டது, கடைசியாக கிரனாடா நகரில் ‘உத்வேகச் சரிபார்ப்பு அலுவலக’த்தைக் கண்டது. மற்ற ஊர்களில் ஒரு கலைஞனுக்கு உத்வேகம் வந்தால் அவன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடுகிறான். எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆளில்லை. இங்கே நாங்கள் கேட்கிறோம். அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு ஏறும் தெருவில் இருக்கும் கித்தார்ப் பட்டறைகள் எல்லாம் நகராட்சிக்குச் சொந்தம். அங்கே பட்டறை வைத்திருப்பவர், தன் கித்தாருக்கு எந்தக் கட்டடம் உத்வேகம் தந்தது என்று ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் சான்றிதழ். இல்லையென்றால் பட்டறையைக் காலி செய்ய வேண்டும்.

எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வதால் ‘அரண்மனை’ என்று முத்திரையே செய்து வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு முதலிடம் பெற்ற ஹசிந்தோவின் கித்தாரில், அரண்மனையின் சிங்க முற்றத்தில் ஓடுவதைப் போலவே நான்கு பக்கமும் நிஜமாக நீர் ஓடுகிறது. வாசிப்பவர் மடியில் துண்டு விரித்துக்கொண்டால் போதும். அதன் ஒலி எப்படி என்று பரிசளிப்பு விழாவில் யாரோ கேட்டார்கள். ஒலி வேறு துறை.

இன்று நான் போனது கித்தார் செய்யும் அமாதோர் மேஸ்திரியின் பட்டறைக்கு. பத்தொன்பது வருடமாக அதே பட்டறை, அதே தகரப் பெயர்ப்பலகை.

“எந்தக் கட்டடம், மேஸ்திரி?”

“எங்க வீட்டு மாடிப்படி.”

“அரண்மனையில எந்தப் பக்கத்து மாடிப்படி?”

“அரண்மனையில குடியிருந்தா நான் எதுக்குத் தம்பி உங்க சான்றிதழுக்குக் காத்து நிக்கப்போறேன்? சாய்தீன் பேட்டையில, பஸ் திரும்புற முனையில, அஞ்சு மாடி. லிஃப்ட் ஓடாது.”

“அதுல உத்வேகம் வர்ற மாதிரி என்ன இருக்கு?”

“கீழ் வீட்டு அங்குஸ்தியாஸ் படிகிட்ட நின்னு, ‘உப்பு இருக்காடி’ன்னு சும்மா பேசுற மாதிரி கேப்பா. அஞ்சாவது மாடியில அவ தங்கச்சிக்குப் பளிச்சுன்னு கேக்கும். எப்படின்னு ரொம்ப நாள் புரியல. டேப்பை வெச்சு அளந்தேன். படி திரும்புற தளம் எல்லாம் இருபது சென்டிமீட்டர் தடிப்பு. மூணாவது மட்டும் பன்னண்டு. எழுபத்து நாலுல கட்டினவன் எட்டு சென்டிமீட்டர் சிமென்ட்டைத் தின்னுட்டான். குரல் அங்க வந்துதான் மூச்சு வாங்கிட்டு மேல ஏறுது.”

கித்தாரின் முகப்பலகைக்கு அடியில் விசிறிபோல மரத்தாலான ஐந்து பட்டைகள் ஒட்டுவது வழக்கம். அவர் மூன்றாவதை மட்டும் அதே கணக்கில் இழைத்து மெலிதாக்கியிருந்தார். சொல்லிவிட்டு ஒரு தந்தியை மீட்டினார்.

நான் மாலை வகுப்பில் எட்டு மாதமாகக் கித்தார் கற்கிறேன். என் காதை நானே நம்புவதில்லை. ஆனாலும் அந்த ஒலி அடங்கும்வரை முத்திரையின் நினைவே வரவில்லை. நினைவு வந்தபோது, பதிவேட்டில் ‘சாய்தீன், அடுக்குமாடி, மாடிப்படி, மூன்றாம் தளம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அலுவலகத்தின் சரிபார்ப்புக் குழு கூடியது. தலைவர் தோன்யா பூரா அம்மாள் பதிவேட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். எங்கள் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. பக்கத்தைக் கிழிப்பது குற்றம். வேலை போய்விடும் என்று நினைத்து மேசையில் இருந்த என் சொந்தப் பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

“பதிவேடு தப்பா இருக்க முடியாது” என்றார் அம்மாள். “அப்ப எது தப்பு?”

“கட்டடம்தான்மா” என்றார் எங்கள் கட்டடக்கலை நிபுணர் தோன் லெஸ்மெஸ். “உத்வேகம் தர்ற தகுதி அதுக்கு இல்ல.”

“தகுதி வர வெக்க முடியுமா?”

“புராதனச் சின்னம்னு அறிவிச்சிட்டா வந்துடும்.”

“எழுபத்து நாலுல கட்டினது புராதனமா?”

“அறிவிச்ச நாள்லேருந்து புராதனம்மா.”

அரண்மனையைக் கட்டி முடிக்க எத்தனையோ அரசர்கள் தேவைப்பட்டார்கள். நாங்கள் ஆறு நிமிடத்தில், காபி ஆறுவதற்குள், ஒரு புராதனச் சின்னத்தை உண்டாக்கினோம். சின்னத்தின் மீட்புப் பணி முடியும்வரை அமாதோருக்குத் தற்காலிகச் சான்றிதழ். சின்னத்தைக் ‘கண்டுபிடித்த’ எனக்குப் பாராட்டுக் கடிதம். விதி 9-இன்படி, சான்று பெற்ற கித்தாரும் இனி நகரத்தின் சொத்து.

சாயங்காலம் அமாதோர் எனக்கு பீர் வாங்கித் தந்தார். கூடவே வழக்கம்போல வறுத்த கத்தரிக்காய் ஒரு தட்டு வந்தது. செய்தியைச் சொன்னேன்.

“எங்க மாடிப்படி புராதனமா? அங்குஸ்தியாஸ் முழங்கால் அதைவிடப் புராதனம். அதையும் பதிஞ்சு வெச்சுக்கோங்க” என்றார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். பட்டறை தப்பித்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

சின்னத்தின் மீட்புப் பணி சிறப்பாக நிறைவடைந்தது. மூன்றாம் தளத்தில் தோன் லெஸ்மெஸ் ஒரு ‘வரலாற்றுக் குறைபாடு’ கண்டு, எட்டு சென்டிமீட்டர் கான்கிரீட் போட்டு அதை நீக்கினார். வாசலில் அமைதி காக்கும்படி வெண்கலப் பலகையும் வைத்தார்.

திறப்பு விழாவுக்கு அங்குஸ்தியாஸ் நைட்டிக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். படியருகில் நின்று, “உப்பு இருக்காடி?” என்றார். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இனிமே கத்தணும். கத்தினா அபராதம்னு போர்டு வெச்சிருக்கீங்க. உப்பில்லாம சாப்பிடச் சொல்றீங்களா, ராசா?”

அவருடைய கேள்வியைக் குறித்துக்கொண்டேன். அதற்கும் ஒரு கோப்பு தொடங்கப்படும்.

அங்கிருந்து குழு நேராக அமாதோரின் பட்டறைக்குப் போனது. தற்காலிகச் சான்றிதழை நிரந்தரமாக்க வேண்டும்.

“மேஸ்திரி, உங்க கித்தார் அதோட உத்வேகத்துக்கு முரணா இருக்கு” என்றார் தோன்யா பூரா. “கட்டடத்துல மூணாவது தளம் இருபது. உங்க மூணாவது பட்டை மெலிசு.”

“கட்டடத்தை மாத்தினது நீங்க.”

“மாத்தல. மீட்டோம்.”

“அந்தப் பட்டையைத் தடிப்பாக்கினா இது கித்தார் இல்லம்மா, பெட்டி. வெங்காயம் கொட்டி வெக்கலாம்.”

“வெங்காயத்துக்கு எங்க விதியில தடையில்ல.”

அமாதோர் கித்தாரை எடுத்து வாசித்தார். கொஞ்ச நேரம்தான். தோன்யா பூரா அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ரொம்ப நல்லா இருக்கு மேஸ்திரி. நெஞ்சே கரைஞ்சு போச்சு. மூணாவது பட்டையை மட்டும் தடிப்பாக்கிடுங்க.”

“மாட்டேன்.”

குழு தெருவிலேயே கூடித் தீர்மானம் இயற்றியது. கித்தாரைப் பிரித்து இசைவு உண்டாக்கும் வேலை நகராட்சித் தச்சருக்கு. இனி இந்தப் பட்டறையில் செய்யும் ஒவ்வொரு கித்தாரிலும் மூன்றாவது பட்டை அதே தடிப்பில் இருக்க வேண்டும். சம்மதமென்றால் அமாதோர் பட்டறையில் தொடரலாம்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவர் தன் உளிகளைத் துணியில் சுருட்டினார். கித்தாரைத் தூக்கப் போனார். விதி 9 என்றேன். கையை எடுத்துக்கொண்டார். சாவியை எனக்கு முன்னால் வைத்தார்.

“மேஸ்திரி, நான் வேணா அந்த அம்மாகிட்ட ஒரு தடவை...”

“நீங்க மோசமானவங்களா இருந்தா சண்டை போட்டிருப்பேன் தம்பி. உங்கள்ல ஒருத்தரும் மோசமில்ல. அந்தம்மா அழுதாங்க, பாத்தீங்கல்ல? அழுதுட்டுக் கையெழுத்துப் போட்டாங்க.”

போய்விட்டார். அறிக்கை எழுதி முடித்தேன். பதிவேடு காப்பாற்றப்பட்டது, மாடிப்படி காப்பாற்றப்பட்டது, கித்தார் நாளை காப்பாற்றப்படும். எழுபத்து நான்கில் எட்டு சென்டிமீட்டர் சிமென்ட் தின்றவனைத் திருடன் என்று எழுதியிருக்கிறேன். அவன் தின்றதில் ஐந்து மாடிக்கும் ஒரு குரல் கிடைத்தது. நாங்கள் ஒன்றும் தின்னவில்லை. எட்டு சென்டிமீட்டரையும் திருப்பித் தந்துவிட்டோம். குரலைக் காணவில்லை. எங்களை என்னவென்று எழுதுவது? திருடன் என்ற சொல்லை ஏற்கெனவே நல்லவன் ஒருவனுக்குச் செலவழித்துவிட்டேன்.

நாளை: காலை ஒன்பது மணிக்குத் தச்சருக்குப் பட்டறையைத் திறந்துவிட வேண்டும். பின்பலகை பிரியும்வரை கித்தார் அசையாமல் நான் பிடித்துக்கொள்ள வேண்டும்.